ஐம்பது மணி நேரம்

2024 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், என் மகனின் மவுண்டன் பைக்கிலிருந்து முன்பக்க ஃபோர்க்கைக் கழற்றி, அதன் கீழ்க்கால்கள் இரண்டையும் உருவினேன். அடியில் வைத்திருந்த அலுமினியத் தட்டில் எண்ணெய் வழியவேண்டும். கையேட்டின்படி ஒரு காலுக்குப் பத்து மில்லிலிட்டர். வழிந்தது நான்கைந்து சொட்டு. அதுவும் எண்ணெயின் நிறத்தில் இல்லை. அரிசி களைந்த நீரில் சாம்பலைக் கரைத்தது போலிருந்தது. அந்தத் தட்டைப் பார்த்தபடி கராஜின் சிமெண்டுத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்வதற்கு முன் இந்த ஃபோர்க் என்பதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் இரண்டு பத்திகளைத் தாண்டிப் போய்விடலாம்.

ஃபோர்க்குக்குத் தமிழில் கவை என்று நல்ல சொல்லே இருக்கிறது. கிளை இரண்டாகப் பிரியும் இடம். கைப்பிடியிலிருந்து இறங்கி முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் அந்த உறுப்பு அசப்பில் அதுதான். ஆனால் நான் வளர்ந்த ஊரில் சைக்கிள் கடைக்குப் போய்க் கவை என்று கேட்டால், உண்டிவில்லுக்கா என்பார்கள். ஆகவே ஃபோர்க். சாதாரண சைக்கிளில் அது வளைத்த இரும்புக் குழாய், அவ்வளவுதான். மவுண்டன் பைக்கிலோ மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரைப்போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வழுக்கும் இரண்டு ஜோடிக் குழாய்கள். மேலே இருப்பவை பளபளக்கும் அலுமினியக் குழாய்கள், ஸ்டான்ஷன் என்கிறார்கள். கீழே மக்னீஷியத்தில் வார்த்த இரண்டு கால்கள். ஒரு காலுக்குள் ஸ்பிரிங் இருக்கும். நல்ல ஃபோர்க்குகளில் இன்று அது பெரும்பாலும் கம்பிச்சுருள் அல்ல, அடைத்துவைத்த காற்று. மறுகாலில் டாம்பர். எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளவைத்து, ஃபோர்க் அமுங்கும் வேகத்தையும் மீளும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிற அமைப்பு. அது இல்லையென்றால் ஒவ்வொரு கல்லுக்கும் ஃபோர்க் பந்தாகத் துள்ளி ஓட்டுகிறவனைத் தூக்கி எறியும்.

இவையிரண்டும் தத்தம் அறைகளுக்குள் மூடி இருப்பவை. நான் தட்டில் எதிர்பார்த்த எண்ணெய் வேறு. அது கீழ்க்கால்களின் அடியில் சும்மா கிடப்பது. இரண்டு தேக்கரண்டி இருக்கும். ஃபோர்க் அமுங்கும் ஒவ்வொரு முறையும் அது சிதறி மேலேறி, கால்களின் உட்சுவரில் பதித்திருக்கும் புஷ்களை நனைக்கிறது. கால்களின் வாயருகே தூசியைத் துடைத்துத் தள்ளும் ரப்பர் சீலுக்குக் கீழே ஒரு பஞ்சு வளையம் இருக்கிறது, அதையும் நனைக்கிறது. அந்தப் பஞ்சு ஈரமாக இருக்கும்வரைதான் குழாய்கள் வழுக்கும். அடியில் கிடக்கும் இந்த எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன ராக்‌ஷாக்ஸ் போன்ற நிறுவனங்களின் கையேடுகள். என் மகனுடைய ஃபோர்க்கின் கையேட்டிலும் அதே எண்தான் இருந்தது. அது பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் மூன்று வருடமாக அலமாரியில் கிடந்தது.

நான் சைக்கிள் அறியாதவன் அல்லன் என்பதுதான் இதில் சங்கடம். என் அப்பாவின் சைக்கிளை ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஓவராயிலிங் செய்வது எங்கள் வீட்டில் என் வேலை. சக்கரங்களைக் கழற்றி, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு, கோன்களைத் துடைத்து, மஞ்சள் கிரீஸ் அப்பி மூடுவேன். குண்டு ஒன்று தரையில் உருண்டால் அன்றைய பொழுது அதோடு போயிற்று. அந்த சைக்கிளிடமிருந்து நான் கற்றது ஒன்று உண்டு. இரும்புக்கு நோவு வந்தால் அது சத்தம் போடும். செயின் காய்ந்தால் கிறீச்சிடும். பெடல் கோன் தளர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்கென்று தட்டும். மட்கார்டு தன் துருவைத் தெருவுக்கே அறிவிக்கும். காது கொடுத்தால் போதும். சத்தம் இல்லையென்றால் வண்டி நலம் என்ற தீர்மானத்தோடு நான் கடல் தாண்டி வந்து, கலிஃபோர்னியாவில் என் பிள்ளைக்கு வண்டி வாங்கிக் கொடுத்தேன்.

ஃபோர்க் சத்தம் போடாது. எண்ணெய் குறையக் குறைய அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. முதலில் சின்னச் சின்ன அதிர்வுகளை விழுங்குவதை நிறுத்துகிறது. பெரிய கல்லுக்கு அமுங்கும், கூழாங்கல்லுக்கு அமுங்காது. குழாய்க்கும் புஷ்ஷுக்கும் இடையிலான பிடிப்பைத் தாண்டும் அளவுக்கு அடி விழுந்தால்தான் அசையும். இந்த மாற்றம் ஒரு நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில் நடக்கிறது. ஒவ்வொரு நாளும் அதே வண்டியில் போகிறவனின் கை அதற்குப் பழகிக்கொள்கிறது. பிடியைச் சற்று இறுக்கிக்கொள்கிறான், முழங்கையை மடித்துக்கொள்கிறான், அந்த இறுக்கம்தான் வண்டியின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறான். வேறொரு வண்டியில் ஏறி இறங்கினால் ஒழியத் தெரியவராது.

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே கிரீஸ் விவகாரம் ஒன்று இருப்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் மாவட்டத்து ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே மலையிலிருந்து இறங்கும் ஒரு மண்பாதை இருக்கிறது. இரண்டே மைலில் 1300 அடி இறக்கம். 1976 அக்டோபரில் ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, கேரி ஃபிஷர் முதலியோரைக் கொண்ட கூட்டம் பழைய கனத்த சைக்கிள்களில் அங்கே கடிகாரத்தோடு போட்டி நடத்தத் தொடங்கியது. பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கர அச்சுக்குள்ளேயே பிடிக்கும் பிரேக் கொண்ட வண்டிகள் அவை. கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் கிரீஸ் முழுவதும் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். கிரீஸை மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் ரீபேக். அந்தப் பாதைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. யோசித்துப் பார்த்தால், வென்றவன் பெயரையோ மலையின் பெயரையோ வைக்காமல் பராமரிப்பு வேலையின் பெயரை ஒரு பந்தயத்துக்கு வைத்தவர்கள் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கும் புகை கண்ணுக்குத் தெரிந்தது அல்லவா.

அந்த வண்டிகளில் ஷாக் கிடையாது. உள்ளே எண்ணெய் தணிக்கும் டெலஸ்கோப் ஃபோர்க்கை மோட்டார் சைக்கிளில் 1935இலேயே பி.எம்.டபிள்யூ கொண்டுவந்துவிட்டது. சைக்கிளுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மோட்டோகிராஸ் உலகத்திலிருந்து வந்த பால் டர்னர் 1989இல் ராக்‌ஷாக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் ஃபோர்க் இரண்டங்குலத்துக்கும் குறைவாகவே அமுங்கும். 1990இல் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அந்நிறுவனத்தின் ஃபோர்க்கோடு இறக்கப் பந்தயத்தை வென்றார். அதன்பிறகு இறுக்கமான ஃபோர்க்குகளின் காலம் முடிந்தது என்று சொல்லலாம். கூடவே ஓட்டுகிறவன் தன் கையால் எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்ற காலமும்.

என் மகன் உயர்நிலைப்பள்ளி லீகில் ஓட்டினான். வட கலிஃபோர்னியாவில் அந்த லீகை 2001இல் பெர்க்லி உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் மாட் ஃபிரிட்ஸிங்கர் ஆரம்பித்தார். பிறகு அது நாடெங்கும் பரவியது. பந்தயங்கள் வசந்த காலத்தில், ஆகவே பயிற்சியெல்லாம் மழைக்காலத்தில். அவன் வண்டியை 2021 நவம்பரில் புதிதாக வாங்கினேன். அடுத்த வருடக் கடைசியில், 2022 டிசம்பர் இறுதியிலிருந்து 2023 ஜனவரி நடுப்பகுதிவரை, ஒன்றன்பின் ஒன்றாக வந்த புயல்மழை பலருக்கும் நினைவிருக்கும். மழை விட்ட இடைவெளிகளிலெல்லாம் பிள்ளைகள் சேற்றில் போனார்கள். வீடு திரும்பியதும் நான் தோட்டத்துக் குழாயில் முழு வேகத்தில் தண்ணீர் பீய்ச்சி வண்டியைப் பளபளக்கச் செய்வேன். அதைப் பராமரிப்பு என்று நினைத்தேன். வேகமாக அடிக்கும் நீர் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே போகும், போகும்போது மணலையும் கூட்டிக்கொண்டு போகும் என்பது அப்போது தெரியாது.

2023 மார்ச்சில் ஒருநாள் பயிற்சி முடிந்து காரில் ஏறும்போது சொன்னான்: "அப்பா, முன்னாடி ரொம்ப ஹார்டா இருக்கு. கை மரத்துப் போகுது. இன்னிக்கு ஃப்ரெண்டோட பைக் எடுத்துப் பார்த்தேன், அது வேற மாதிரி இருக்கு."

"அவன் பைக் விலை என்னடா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை இன்று நினைத்தால் கூசுகிறது. பிள்ளை ஒரு நோயைச் சொல்கிறான், நான் விலையைக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தபின் மனம் கேளாமல் ஃபோர்க் பம்பை எடுத்து வால்வில் பொருத்திக் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். "காத்து ஜாஸ்தியா இருந்திருக்குடா, இப்ப பாரு." மறுநாள் "பரவால்லப்பா" என்றான். அவன் பரவாயில்லை என்று சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமல்ல, பேச்சை முடித்துக்கொள்கிறான் என்று அர்த்தம். இரண்டு வாரம் கழித்து இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

காற்றைக் குறைத்தால் என்ன ஆகும் என்று இப்போது தெரியும். வறண்ட ஃபோர்க்கில் கோளாறு உராய்வில் இருக்கிறது, காற்றில் அல்ல. காற்றைக் குறைத்தால் சின்ன அதிர்வுக்கு அது அப்போதும் அமுங்காது. ஆனால் இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்ததும் உடல் எடை முழுவதும் முன்னால் சரியும்போது, தாங்க வேண்டிய காற்று அங்கே இருக்காது. மூக்கு தரையைப் பார்த்துக் குத்திட்டு இறங்கும். சுருக்கமாகச் சொன்னால், கை வலிக்கும் குணம் அப்படியே இருக்க, கவிழும் குணத்தை நான் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தேன்.

ஏப்ரலில் ஒரு பந்தயத்தில், இறக்கத்தின் முடிவில், திருப்பத்துக்குச் சற்று முன்னால், பிரேக் பிடித்துப் பிடித்துச் சக்கரங்கள் தோண்டிய அடுக்குக் குழிகளில் அவன் கைப்பிடிக்கு மேலாகப் பறந்து விழுந்தான். இடது காறை எலும்பு முறிந்தது. வேகமாக வந்துவிட்டான் என்றார்கள் பார்த்தவர்கள். வேகமாகத்தான் வந்திருப்பான். பதினாறு வயது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அடுத்த பருவத்தில் அவன் அணியில் சேரவில்லை. காரணம் கேட்டதற்குப் படிப்பு என்றான். எப்போதாவது தனியாகப் போய் வந்தான். 2024 ஆகஸ்டில் கல்லூரிக்குப் போனபோது வண்டியை எடுத்துப் போகவில்லை.

அக்டோபரில் அதை விற்றுவிடலாமா என்ற எண்ணத்தில்தான் கையில் எடுத்தேன். கைப்பிடியை அழுத்தினேன். அமுங்கவில்லை. உடம்பின் எடையைப் போட்டதும் சரக்கென்று பாதி இறங்கி நின்றது. அப்போதுதான் அலமாரியிலிருந்த கையேட்டைப் பிரித்தேன்.

வேலை பெரிதல்ல. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கஷ்டமான வேலை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முதலில் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். உள்ளே அழுத்தம் இருக்கக் கழற்றினால் பாகங்கள் தெறித்து முகத்தைப் பதம் பார்க்கும். கால்களின் அடியில் இருக்கும் இரண்டு போல்ட்டுகளை ஆலன் கீயால் மூன்று நான்கு சுற்று தளர்த்தி, அப்படியே மரை பிடித்திருக்கும் நிலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் போல்ட்டின் தலையில் தட்ட வேண்டும். உள்ளே கெட்டியாகப் பொருந்தியிருக்கும் தண்டு டொக்கென்று விடுபடும். (போல்ட்டை முழுவதும் எடுத்துவிட்டுத் தட்டினால் தண்டின் மரை நசுங்கும். நான் ஒரு பக்கம் அப்படித்தான் தட்ட ஆரம்பித்து, மூன்றாவது தட்டில் கையேட்டைப் பார்த்தேன். தப்பித்தது.) பிறகு கீழ்க்கால்களை இரு கையாலும் பிடித்து இழுத்தால் வந்துவிடும். முதல் முறையாகச் செய்பவனுக்கே ஒன்றரை மணி நேரம். சீல்களும் வளையங்களும் எண்ணெயும் சேர்த்துச் செலவும் அதிகமில்லை, பிள்ளைக்கு ஒரு ஜோடி நல்ல ஷூ வாங்குவதைவிடக் குறைவு.

தட்டில் விழுந்த சாம்பல் நீரைப் பற்றி முதலிலேயே சொன்னேன். பஞ்சு வளையங்கள் காய்ந்து களிமண் பில்லைகளாக இருந்தன. நகத்தால் கிள்ளினால் உதிர்ந்தன. ஸ்டான்ஷன்களை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். வலது குழாயின் பின்புறம், வெளியே இருந்து பார்த்தால் கண்ணில் படாத இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கறுப்புப் பூச்சு போய் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு. துடைத்தால் போகும் அழுக்கோ என்று மறுபடி மறுபடி துடைத்தேன்.

அந்தக் கறுப்பு, பெயிண்ட் அல்ல. அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் கடினமாக்கி உண்டாக்கிய படலம். தலைமயிரின் பருமன்கூட இருக்காது. குழாய் வழுக்குவதும் தேயாமல் இருப்பதும் அந்தப் படலத்தால்தான். கல் பட்டு ஒரு புள்ளி அளவுக்குக் காயம் ஏற்பட்டால், நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து நிரப்பி, காய்ந்தபின் நைஸான உப்புத்தாளால் தேய்த்து ஓட்டுவார்கள். பட்டையாகத் தேய்ந்துபோனால் அதெல்லாம் நிற்காது. எண்ணெய் இருந்த வரையில் மணல் மிதந்து கொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் போனபின் அதே மணல் புஷ்ஷுக்கும் குழாய்க்கும் நடுவில் நின்று அரைத்திருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், சீலை, வளையத்தை, எண்ணெயை. இதை முன்னிருந்த நிலைக்கு வீட்டில் யாரும் கொண்டுவர முடியாது.

மகன் ஓட்டிய நேரமெல்லாம் செல்பேசிச் செயலியில் பதிவாகியிருந்தது. குடும்பக் கணக்கு என்பதால் என்னாலும் பார்க்க முடியும். கையில் எண்ணெயோடு உட்கார்ந்து கூட்டினேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து விழுந்த நாள்வரை 371 மணி. ஐம்பதால் வகுத்தால் ஏழு. ஏழு முறை திறந்திருக்க வேண்டும். கை மரத்துப் போகிறது என்று அவன் சொன்ன அன்று ஏறத்தாழ 340 மணி ஆகியிருந்தது.

அந்தத் தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது இதனால்தான். விழுந்ததற்கு ஃபோர்க்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. நல்ல ஃபோர்க்கோடும் பிள்ளைகள் அதே இடத்தில் விழுந்தார்கள். ஆனால் அவன் சொன்னது உண்மை. வண்டியில் நோயிருப்பதை அவன் கை கண்டுபிடித்திருந்தது, இன்னொரு வண்டியில் ஏறிச் சரிபார்த்துவிட்டு வந்து, தெளிவாக, ஒரு மெக்கானிக்கிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னான். மெக்கானிக் நான்தானே. நான் என் காதை நம்பினேன்.

கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். புதிய ஃபோர்க் வாங்குவதே உத்தமம் என்றார் அங்கிருந்த இளைஞர். அவர் கணக்கில் தவறில்லை. ஸ்டான்ஷன்களையும் மேலே செல்லும் தண்டையும் அவற்றை இணைக்கும் தலைப்பகுதியையும் தொழிற்சாலையில் அழுத்திச் செருகிவிடுகிறார்கள், குழாயை மட்டும் மாற்ற இயலாது. மேற்பகுதி மொத்தத்தையும் வாங்கினால் புது ஃபோர்க்கின் விலையில் பாதி ஆகிவிடும். நான் மேற்பகுதியைத்தான் வாங்கினேன். சிக்கனம் என்று சொல்ல முடியாது. வேண்டுதல் என்றும் சொல்லமாட்டேன். கீழ்க்கால்களில் அவன் ஒட்டிய ஸ்டிக்கர்கள் இருந்தன, ஒன்றிரண்டு பாதி கிழிந்தவை. அவற்றோடு வண்டி முழுசாக வேண்டும் என்று தோன்றியது.

புதிய தண்டை அளவுக்கு அறுக்க வேண்டியிருந்தது. பழையதைப் பக்கத்தில் வைத்து மூன்றுமுறை அளந்தும் இரம்பத்தை வைக்கக் கை நடுங்கியது. குறைத்து அறுத்துவிட்டால் ஒட்ட முடியாது. பழையதிலிருந்த பேரிங் வளையத்தைத் தட்டியெடுத்துப் புதியதில் ஏற்றினேன். பஞ்சு வளையங்களை எண்ணெயில் ஊறவைத்து உட்கார்த்தி, புதிய சீல்களை ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டால் நேராக அழுத்தினேன். கீழ்க்கால்களை ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டும். சீலின் உதடு உள்பக்கமாக மடங்கிவிடக் கூடாது, குழந்தைக்குச் சட்டை மாட்டுவதுபோல இப்படியும் அப்படியும் அசைத்து இறக்க வேண்டும். அடித் துளை வழியே ஊசியில்லாத சிரிஞ்சால் எண்ணெய் செலுத்தி, புது வாஷர்களோடு போல்ட்டுகளை முடுக்கினேன். காற்றடித்துக் கைப்பிடியை அழுத்தினேன். சத்தமில்லாமல் இறங்கி, சத்தமில்லாமல் ஏறியது. இதே மௌனத்தைத்தான் முன்பு நலம் என்று எடுத்துக்கொண்டேன் என்பதால் அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி ஏற்படவில்லை. ஃபிரேமில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் தேதி எழுதி, பக்கத்தில் 0 என்று போட்டேன்.

நன்றி நவிலல் விடுமுறைக்கு வந்தவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சான் ரஃபேலுக்கு அருகிலுள்ள சைனா கேம்ப் பூங்காவுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சரியென்றான். நான் நிறுத்துமிடத்தில் காரிலேயே இருந்தேன். அங்கிருந்து வளைகுடாவின் சதுப்பு தெரியும், நாரைகள் நிற்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து இறங்கினான். கையுறையைக் கழற்றி விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தான்.

"என்ன பண்ணினப்பா?"

சொன்னேன். சாம்பல் தண்ணீரை, வெள்ளிப் பட்டையை, காற்றைக் குறைத்ததைப் பற்றி, 371 மணியை. அவன் ஃபோர்க்கைக் குனிந்து பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். டேப்பின் மேல் விரலை வைத்தான்.

"அப்போ நான் விழுந்தது அதனாலயா?"

"தெரியலடா. இருக்கலாம். ஆனா நீ சொன்னது சரி. நான் கேட்டிருக்கணும்."

தலையை மட்டும் ஆட்டினான். அவன் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு காரின் கதவுப் பையில் கிடந்த பேனாவைத் தேடியெடுத்து, டேப்பில் 0 என்றிருந்ததை அடித்துவிட்டு 1.5 என்று எழுதினான். இருட்ட இன்னும் நேரமிருக்கிறதா என்று கேட்டான். ஒரு சுற்றுக்கு இருந்தது.